காற்று வந்தால் முதலில் தோல்

ஆம்பூர்ப் பக்கம் எங்கள் தோல் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. காற்று கிளம்பினால் காயப்போட்ட தோல்தான் முதலில் உள்ளே போகும், ஆட்கள் பிறகு.

போன கோடையில், சூறைக்காற்று வரும் என்று காலையிலேயே போனில் எச்சரிக்கை வந்தது. தகரக் கூரையின் கீழே நிற்க வேண்டாம், கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள் என்று எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டியது மேஸ்திரியான நான்தான்.

மதியம் புழுதி எழுந்து வானம் செம்மண் நிறமானது. வேலை செய்யும் பெண்களை விரட்டி விரட்டிக் கொடியிலிருந்த தோல்களை உருவ வைத்து, இருந்த ஒரே கான்கிரீட் அறையில் கூரை முட்ட அடுக்கினேன். திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அறையில் ஆள் நிற்க இடமில்லை. மழையும் சேர்ந்து அடிக்க, எல்லோரும் தகரத்தின் கீழேயே ஒண்டினோம். ஒரு தகரம் பிய்ந்து தலைக்கு மேலே பறந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

காற்று ஓய்ந்ததும் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அங்க எல்லாம் பத்திரமா?"

"ஒரு தோல்கூட நனையலம்மா," என்றேன்.

எனக்குப் பின்னால் பெண்கள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.