சுகாபஹாலில் நாய் இல்லை

என் மிட்டாய்க் கடைச் சுவரில், ஜேரி என்கிற எங்கள் ஊர் ஜிலேபியை அடுக்குகிற தட்டுக்கு மேலே, கண்ணாடி போட்ட பழைய காகிதம் ஒன்று தொங்குகிறது. எண்ணெய்ப் புகை பட்டுப் பட்டு மஞ்சளாகி, ஓரமெல்லாம் கறுத்துப்போய்விட்டது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஊர் சுற்றும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் ஜேரி வாங்க நின்று, அதை உற்றுப் பார்த்து, என்ன இது என்று கேட்பார்கள்.

"காத்மண்டுவ நடந்தே பாக்குறதுக்கு வழி. இதப் பாத்து நடந்தா வழி தப்பாது, கால்தான் மிச்சம் இருக்காது" என்பேன்.

அதை வரைந்தவர் அஷ்டமான் துலாதர். எங்கள் ஜோச்சென் தெருவில், என் கடைக்கு நேர் எதிர் மாடியில் நாலு அறை லாட்ஜ் வைத்திருந்தவர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. நான் அவருக்குத் தங்கையும் இல்லை, சொந்தமும் இல்லை. ஆனாலும் முதல் நாளிலிருந்து 'தாஜு' என்றுதான் கூப்பிட்டேன், அண்ணன் என்று. காலையில் கடை திறக்கும்போது இன்றைக்கும் என் கண் தானாக அந்த ஜன்னலுக்குத்தான் போகிறது.

அப்போது இந்தத் தெருவே வேறு. முடியும் தாடியும் வளர்த்த வெள்ளைக்காரர்கள் பகல் பதினொரு மணிக்குப் பல் விளக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார்கள். எவனுக்கும் அவசரம் கிடையாது. என் வீட்டுக்காரர் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், நான் கல்லாவுக்கு முன்னால், எதிரே தாஜு ஜன்னலில். ஒரு நாளைக்கு இருபது தடவை யாராவது அவரிடம் வழி கேட்பார்கள். இருபது தடவையும் இறங்கி வந்து, தெருமுனை வரை கூடவே போய்க் கை காட்டிவிட்டு வருவார். மூச்சு வாங்கும்.

"எழுதிக் குடுத்துடுங்க தாஜு. வாய் வலிக்கலையா உங்களுக்கு?" என்று ஒருநாள் நான்தான் கத்தினேன். அப்படிப் பிறந்தது இந்த வரைபடம். ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கி, நம் கைக்காகிதத்தில் அச்சடித்து, லாட்ஜுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். அசன் சந்தையில் அன்னபூர்ணா கோயிலில் ஆரம்பம். இந்திரசௌக், ஹனுமான் தோக்கா, காஷ்டமண்டபம் என்று வளைந்து, ஜோச்செனிலேயே வந்து முடியும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. தூரம் மட்டும் அவர் கணக்கு. 'ஒரு ஜேரி தின்று முடிக்கிற தூரம்', 'இரண்டு ஜேரி தூரம்.' எனக்கு வியாபாரம் நடக்கட்டும் என்று அப்படி எழுதினாராம்.

ஒரு கூத்து நடந்தது. கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் தாஜு போட்ட கோடு ஒவ்வொரு கோயிலையும் சுற்றிக்கொண்டுதான் போகும். அதை எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நெட்டை ஹாலந்துக்காரன் ஒருவன் காலையில் போய், பொழுது சாய்ந்து வந்து, என் பெஞ்சில் பொத்தென்று விழுந்தான். "அன்னபூர்ணாவையே நாலு தடவ பாத்துட்டேன். அவங்களுக்கே என் மூஞ்சி அலுத்துப்போயிருக்கும்" என்றான். தாஜுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "புண்ணியம்டா உனக்கு, போ" என்று முதுகில் தட்டினார்.

அந்த வரைபடத்தில் இன்னொரு விஷயம் உண்டு. நரதேவிக்கு அந்தப் பக்கம், ஊரின் பழைய எல்லையை ஒட்டி, சுகாபஹால் என்று ஒரு முற்றம். நாலு பக்கமும் வீடு, நடுவில் கல்லில் செதுக்கிய தாரா தேவி சிலை. அந்தத் தாராவின் முகத்தைப் பார்க்காமல் போகிறவன் காத்மண்டுவுக்கு வராமலே இருந்திருக்கலாம். தாஜுவின் கோடோ நரதேவியிலிருந்து நேராகப் போகாமல், வெளிச்சாலையில் இறங்கி, குப்பைமேட்டைச் சுற்றி, மூன்று ஜேரி தூரம் தாண்டி ஊருக்குள் ஏறும். சுகாபஹால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாய் படம். பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். கீழே ஆங்கிலத்தில், 'போக வேண்டாம். நாய் கடிக்கும்.'

சுகாபஹாலில் நாய் கிடையாது. அங்கே இருந்தது தாஜு பிறந்த வீடு.

துலாதர்கள் வியாபாரிகள். திபெத் வரை போய்க் கடை வைத்த குடும்பம். தாஜுவுக்குப் பிடித்த பெண்ணோ அசனில் தரையில் உட்கார்ந்து கடுகுக்கீரை விற்ற சானுமயா. ஜ்யாபு சாதி, வயலில் இறங்குகிற குடும்பம். கல்யாணம் முடித்து அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போனார். அப்பா மாடியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னார். கீழே நின்ற தம்பி ரத்னமான், பதினெட்டு வயதுப் பையன், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் தாஜு என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னதைக்கூட மன்னித்துவிட்டார், தாழ்ப்பாளை மன்னிக்கவில்லை.

முப்பது வருடம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. ஒரே ஊரில், இருபது நிமிட நடைதான். இதற்குள் மற்ற லாட்ஜ்காரர்கள் நாலு பேர் அந்த வரைபடத்தை நகலெடுத்தார்கள், நாயையும் சேர்த்துத்தான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்த ஜனமெல்லாம் ஒரு குடும்பச் சண்டைக்காகக் குப்பைமேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தது. நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், கூடவே வயிறும் எரியும்.

சானுமயா மகராசி. நாலு அறையையும் தனியாகப் பெருக்கித் துடைத்து, கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கிற அந்தப் பையன்களுக்கெல்லாம் கஞ்சி வைத்துக் கொடுத்து, மலையேறப் போனவன் திரும்பி வராவிட்டால் சாமிக்கு நேர்ந்துகொள்வாள். குழந்தை இல்லை. சுகாபஹாலில் எத்தனை படி, எந்த ஜன்னலில் மயில் செதுக்கியிருக்கிறது, தாராவின் காலடியில் மாமியார் எந்த இடத்தில் அரிசி போடுவாள் என்று எல்லாம் தாஜு சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். அன்று வாசலில் நின்றதோடு சரி, அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போனதில்லை.

கடைசியில் நெஞ்சுச்சளி முற்றிப் படுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சு இழுக்கிற நேரத்திலும் அவளுக்குக் குறும்பு போகவில்லை.

"நானிசோபா, நான் செத்தா எனக்கு உபாகு நடப்பாருல்ல? அன்னைக்கு அவங்க தெருவுக்குள்ள ஜம்முனு போயிடுவேன். எவன் கதவச் சாத்துறான்னு பாக்குறேன்."

"வாய மூடு. கஞ்சியக் குடி" என்று அதட்டினேன். வெளியே போய் அழுதேன்.

அவள் மாசி மாதக் குளிரில் போய்விட்டாள். அந்த வருட இந்திர ஜாத்திரை வந்தது. ஹனுமான் தோக்காவில் கம்பம் நடுகிற அன்று மாலை, அந்த வருடம் சாவு விழுந்த வீட்டார் ஊரைச் சுற்றி நடப்பார்கள். கையில் ஊதுபத்தி, வழியில் சாமி இருக்கிற இடமெல்லாம் போனவருக்காக ஒரு அகல். அதுதான் உபாகு. ஊருக்கு மதில் இருந்த காலத்து வழி. மதில் போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று, எங்கள் கால்களுக்கு மட்டும் அது இன்னும் நிற்கிறது. செத்தவரின் வீட்டு ஆட்கள்தான் நடக்கலாம். வழியில் ஓர் இடத்தை விட்டாலும் சுற்று அறுந்துபோகும். அந்த வழி சுகாபஹாலுக்குள்தான் போகிறது.

முந்தின நாள் தாஜு திரி உருட்டிக்கொண்டிருந்தார். நான் எண்ணெய் கொண்டுபோனேன்.

"சுகாபஹால் மட்டும் வெளிவழியா போயிடுவேன்" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

"என்னது? சுத்து அறுந்துடுமே தாஜு!"

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். உசுரோட இருந்தப்ப உள்ள விடாத வாசல்ல அவ விளக்கக் கொண்டுபோய் வைக்கணுமா? அவளுக்கு ரோஷம் இல்லைன்னு நெனச்சியா?"

"ரோஷம் அவளுக்கா, உங்களுக்கா?"

"எண்ணெய வச்சுட்டுப் போ" என்றார். வைத்துவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி வந்துவிட்டேன். அவள் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். செத்தவள் ஆசையைச் சொல்லி உயிரோடு இருக்கிறவரை மடக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஊரே தெருவில். அவ்வளவு கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஏழெட்டுப் பேராக நடக்கிறது, இவர் மட்டும் தனி ஆளாக. பார்க்கப் பொறுக்கவில்லை. நான் உறவில்லை, ஊதுபத்தி பிடிக்க உரிமை இல்லை. எண்ணெய்ச் செம்பு தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன். அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? நரதேவியில் அகல் வைத்தார். சுகாபஹால் சந்து முனை வந்தது. கூட்டம் உள்ளே திரும்பியது. தாஜுவின் கால் தானாக இடது பக்கம் இறங்கியது, குப்பைமேட்டுப் பக்கம்.

நான் செம்பைக் கீழே வைத்தேன். "தாஜு, சானுமயா ஒண்ணு சொன்னா" என்று ஆரம்பித்து, அவள் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல், அவள் குரலிலேயே சொன்னேன். எவன் கதவைச் சாத்துகிறான் என்று பார்க்கிறேன் என்றாளே, அதையும்.

அவர் அங்கேயே நின்றார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு போனார்கள். முகம் கோணிக்கொண்டு வந்தது. பிறகு ஊதுபத்தியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார்.

முற்றம் முழுக்க அகல் வெளிச்சம். அவள் சொன்ன மயில் ஜன்னல் அங்கேயே இருந்தது. வீட்டு வாசற்படியில் தொப்பி போட்ட, கண்ணாடி போட்ட ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ரத்னமான். தாஜு அந்தப் பக்கம் திரும்பவில்லை. தாராவின் காலடியில், சரியாக ஓர் இடம் பார்த்து, சானுமயாவின் அகலை வைத்து ஏற்றினார்.

படியில் இருந்தவர் சட்டென்று எழுந்தார், உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "பாவி! இன்னைக்குமா?" என்று கத்தியே விட்டேன். தாஜு அடுத்த அகலை எடுத்துக்கொண்டு நடக்கப் போனார்.

கதவு திறந்தது. ரத்னமான் செருப்பில்லாமல் இறங்கி வந்தார். ஒரு கையில் ஒரு கட்டு ஊதுபத்தி, மறு கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு காகிதம். பிரித்துக் காட்டினார். தாஜுவின் வரைபடம்தான்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெளிநாட்டுப் பொண்ணு வழி தப்பி இங்க வந்துச்சு தாஜு. நடுங்கிக்கிட்டே 'நாய் எங்க, நாய் எங்க'ன்னு கேட்டுச்சு. அப்பதான் இதப் பாத்தேன். அன்னையிலேருந்து நானும் தேடுறேன், எந்த நாயையும் காணோம்."

ரத்னமான் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அண்ணிக்கு யார் யாரு நடக்குறீங்க?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"அப்ப நான் என்ன, நிசமாவே நாயா?"

ரத்னமான் தன் ஊதுபத்தியைத் தாஜுவின் ஊதுபத்தியில் பற்றவைத்துக்கொண்டார். "நானும் நடப்பேன். நீங்க வேண்டாம்னாலும் பின்னாலயே வருவேன்" என்றார். முற்றத்து ஜன்னல்களிலிருந்து சனம் பார்த்தது. அவர் நடந்தால் சானுமயா அந்த வீட்டு மருமகள் என்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அது அவருக்கும் தெரியும், ஜன்னல்களுக்கும் தெரியும். தாஜு தன் பையிலிருந்த அகல்களில் பாதியை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார்.

மிச்ச வழி முழுக்க ஒருவர் அகல் வைப்பார், மற்றவர் ஏற்றுவார். அசன் தாண்டி, இருட்டுகிற நேரத்தில் ஜோச்செனுக்கு வந்து சேர்ந்தோம். லாட்ஜ் மாடியில் தாஜு கதவைத் திறந்து விளக்குப் போட்டார். நேர் எதிர்ச் சுவரில் சானுமயாவின் படம், பல் தெரியச் சிரிக்கிறாள்.

ரத்னமான் வாசலிலேயே நின்றுவிட்டார். "இவங்கதானா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்குக் கதவைச் சாத்தும்போது அவர் அவள் முகத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"வாடா உள்ள" என்றார் தாஜு.

"நீங்க சும்மா இருங்க தாஜு. இது அவங்க வீடு."

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்து, "அண்ணி, நான் உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

தாஜு சுவரில் கை ஊன்றிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.