செயில்கானின் கொழுப்பு

கஜகஸ்தானின் ஷிம்கென்ட் ஆட்டுச் சந்தையில் எடை போடுகிறவர் செயில்கான். எங்கள் ஆடுகளுக்குக் கொழுப்பெல்லாம் வாலில்தான் சேரும்; அந்த வாலைக் கையால் தூக்கிப் பார்த்தே அதில் எத்தனை கிலோ கொழுப்பு என்று சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வருடம் ஆட்டுக் கொழுப்பை எடைபோட்டவருக்குத் தன் கொழுப்பு மட்டும் பிடிபடவில்லை.

குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, சிறுகுடலில் முக்கால் பங்கை வெட்டியெடுத்தாகிவிட்டது. நாலு மாதமாகச் சாப்பாடு ரத்தக்குழாய் வழியாகத்தான். பால்போல ஒரு வெள்ளைப் பை; உள்ளே நுண்துளிகளாகச் சோயா எண்ணெய். தினமும் ஏற்றினோம். கண் மஞ்சளானது.

எங்கள் கிராமத்தில் முதன்முதலாக மருத்துவப் பட்டம் வாங்கியவன் நான். எதையும் எளிமையாக விளக்கிவிடுவேன் என்ற நம்பிக்கை உண்டு. "கொழுப்பு கல்லீரல்ல போய்ச் சேர்ந்திருக்கு" என்று அவர் மனைவி குல்பாஷிடம் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிட்டாயை வார்டு முழுக்க வாரி இறைத்தார். இரு வீட்டாரும் வால்கொழுப்பையும் கல்லீரலையும் ஒருவருக்கொருவர் ஊட்டினால்தானே எங்கள் வழக்கத்தில் நிச்சயதார்த்தம்? மகள் ஜனெர்கேக்கு அடுத்த மாதம் அதுதான். நல்ல சகுனமாம். பக்கத்துப் படுக்கைக்காரர் எனக்கும் வாழ்த்துச் சொன்னார்.

இது சகுனமில்லை, இப்படியே போனால் கல்லீரல் கெட்டு ஆளே மிஞ்சமாட்டார் என்று மறுபடி விளக்கினேன். கல்லீரலை அவ்வளவாகக் கெடுக்காத, மீன் எண்ணெய் கலந்த பை அல்மாட்டியிலிருந்து வரும்வரை வாரத்தில் மூன்று நாள்தான் கொழுப்பு. எங்கள் ஊரில் விருந்தாளி தட்டில் கொழுப்பைக் குறைப்பதைவிட அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது மரியாதை. செயில்கான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்ல இவன் யாருடி? நேத்து முளைச்ச பய."

"உங்க கொழுப்பு முப்பது வருஷமா எனக்குத் தெரியும். குறைச்சுக்கிட்டுப் படுங்க."

படுத்தார். புதுப் பை வந்ததும், இத்தனை ஆடு மேயும் நாட்டில் மீனா என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினார்.

நிச்சய நாளில் மஞ்சள் பாதி இறங்கியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு இல்லை. சம்பந்தி தோக்தார் தட்டோடு வார்டுக்கே வந்துவிட்டார். ஊட்டாவிட்டால் சம்பந்தம் நிற்காது, ஊட்டினால் வயிற்றில் நிற்காது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பட்டப்படிப்பில் அதற்குப் பாடம் இல்லை.

செயில்கான் பையைக் காட்டினார். "கொழுப்பு இந்தா இறங்குது. கல்லீரல் உள்ள இருக்கு. அஞ்சு மாசமா அடிச்சுக்கிட்ட ரெண்டும் இப்பத்தான் ராசியாயிருக்கு. இதைவிட என்ன சம்பந்தம் வேணும்? என் பங்கையும் நீங்களே சாப்பிடுங்க சம்பந்தி."

தோக்தார் யோசித்தார். இரண்டு பங்கையும் தின்றார். நிச்சயம் முடிந்தது.

போகும்போது என்னை ஓரமாக அழைத்து, தன் கல்லீரலையும் ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டார்.