என் வீட்டுக்காரரின் பேஸ் கிட்டார் வாத்தியார்கள்

இந்த வருஷ மழைக்காலம் முழுக்க தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வீட்டில் குடியிருந்தார். அவருக்குச் சோறு போட வேண்டாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். காலையில் நான் புட்டுக்குத் தேங்காய் துருவும்போது பேச ஆரம்பிப்பார். நான் குளித்து, சேலை உடுத்தி, பாறசாலை பஸ்ஸுக்கு ஓடும்போதும் பேசிக்கொண்டுதான் இருப்பார். மடியில் பேஸ் கிட்டார் இருக்கும். வாசிப்பது மட்டும் அபூர்வம்.

அவரை ஃபோன் வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்தது என் கணவர் ரெஜி. எல்லையோரப் பனச்சமூடு ஜங்ஷனில் மிக்ஸி, ஃபேன், கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களில் பாதிப்பேர் கேரளம், பாதிப்பேர் தமிழ்நாடு. எரிந்துபோன மோட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான். புது மாடல் ஏதாவது வந்து கைக்கு அடங்காவிட்டால் யூடியூபைத் திறப்பார். எங்கோ இருக்கும் ஒருவர் அதைக் கழற்றி மாட்டிக் காட்டியிருப்பார். சாயங்காலத்துக்குள் மிக்ஸி ஓடும். ஆகவே உலகத்தில் வீடியோ பார்த்துப் படிக்க முடியாத வித்தை கிடையாது என்பது என் வீட்டுக்காரரின் விசுவாசப் பிரமாணம்.

மீசை முளைத்த காலத்திலிருந்து ரெஜி எங்கள் சபையின் கொயரில் பேஸ் பாடியவர். எங்கள் பக்கத்துப் பழைய மிஷன் சபைகளில் கொயர் என்றால் நாலு குரல். பாட்டின் மெட்டு சொப்ரானோ பெண்களுக்கு. அதற்குக் கீழே ஆல்ட்டோ, டெனர், எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ் என்று அவரவர் பாகம் தனி. சின்ன வயதில் ஒரு பாகத்தில் கொண்டு நிறுத்திவிட்டால் சாகும்வரை அதுதான். நான் ஆல்ட்டோ. அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தப் பாட்டின் மெட்டும் ஒழுங்காகத் தெரியாது. நான் மீன் வெட்டிக்கொண்டே ஆல்ட்டோவை முனகுவேன். அவர் குளியலறையில் பேஸை உருட்டுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு பேரும் தப்பாகப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

போன வருஷம் ரெஜிக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. மிஞ்சியது தகரத்தில் மணல் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். ரெஜி பேச்சையே விட்டுவிட்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு விரலாலும் தலையாலும் பதில். வீட்டில் என்னிடம் மட்டும் ரெண்டு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவார், உள்ளே வரமாட்டார். பைக்குகள் நிற்கும் இடத்தில் நின்று ஆராதனை கேட்பார். அத்தனை வருஷம் கொயரில் நின்ற மனிதரால் கீழே பெஞ்சில் போய் உட்கார முடியவில்லை. எனக்கும் பாடப் பிடிக்கவில்லை. அவர் நின்ற இடம் என் முதுகுக்கு நேர் பின்னால் காலியாகக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் சபையின் பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்த பினு கனடாவுக்கு விமானம் ஏறினான். கொயர் மாஸ்டர் ராஜையா சார் நேராக பைக்குகள் நிற்கும் இடத்துக்கே வந்தார்.

"எலே ரெஜி, தொண்டை இல்லன்னா என்ன, விரலு உண்டுல்லா? கிட்டார நீ எடு. கேரலுக்குள்ள படிச்சிரு. இல்லன்னா கீபோர்டுக்காரன்தான் பேஸும் சேத்து வாசிக்கணும். பின்ன இது வெஸ்ட்ரி ரூமுல பூட்டிக் கெடக்கட்டு."

படித்தால் டிசம்பர் கேரல் ஆராதனையில் கடைசி வரிசையில் பழைய இடம். படிக்காவிட்டால் பைக்குகளோடு நிற்க வேண்டியதுதான். ரெஜி கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், ஃபோனைத் திறந்தார், என் நிம்மதி போயிற்று.

தொப்பிக்காரரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்து வந்தவருக்கு நான் வைத்த பேர் கட்டைவிரல். அவர் கம்பிகளைக் கட்டைவிரலால் அடிக்கிற அடியைப் பார்த்தால், அவை அவர் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டன என்று தோன்றும். ரெஜியும் அடித்துப் பார்த்தார். விரல் கொப்பளித்து, ஒரு வாரம் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியாமல் கடையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கொச்சிக்காரப் பையன் ஒருவன். "ஹலோ கூட்டுகாரே" என்று தொடங்கி, மணியை அமுக்குங்கள், மணியை அமுக்குங்கள் என்று கெஞ்சியே வீடியோவை முடித்துவிடுவான். தமிழில் ஒருவர் கிடைத்தார். முதல் வாரம் கிட்டார் என்றால் என்ன என்று விளக்கினார். அடுத்த வாரம் எந்தக் கிட்டார் வாங்கலாம் என்று விளக்கினார். அதற்கடுத்த வாரம் வேலைப்பளுவால் வீடியோ போட முடியவில்லை என்று விளக்கி ஒரு வீடியோ போட்டார். இவர்கள் நடுவே முடி கொட்டாத எண்ணெய் விளம்பரம் வேறு. நான் என் ஃபோனில் நெத்திலி அவியல் தேடினாலும் பேஸ் கம்பி வேண்டுமா என்று கேட்டது.

நியாயமாகச் சொன்னால், ஒருத்தி மட்டும் உருப்படி. கண்ணாடி போட்ட பெண். எந்த நாடு, எந்தப் பாஷை என்று தெரியாது. ஒரு விரல், அடுத்த விரல், மறுபடி முதல் விரல் என்று பொறுமையாகக் காட்டுவாள். தப்பினால் வாய்விட்டுச் சிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். ரெஜி கம்பியில் ஒழுங்காக விரல் வைக்கப் படித்தது அவளிடம்தான். அவள் சிரிக்கும்போது நானும் அடுக்களையிலிருந்து சிரித்திருக்கிறேன். ஆனால் விரல் வைக்கக் காட்டுகிறவள் எங்கள் கேரல் பாட்டைக் காட்ட முடியுமா? அந்த இடத்துக்கு வந்ததும் ரெஜி மறுபடி தொப்பிக்காரரிடம் போய்விடுவார்.

கேரலுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது சனிக்கிழமை பயிற்சிக்கு ரெஜி கிட்டாரோடு வந்தார். தொப்பிக்காரரிடம் படித்த சுரத் தாவல், கட்டைவிரலிடம் படித்த அடி, எல்லாவற்றையும் ஒரே பாட்டில் இறக்கினார். பேஸ் பாடுகிற ஜெனில் பாவம், ரெண்டாவது வரியிலேயே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். ராஜையா சார் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார்.

"மக்கா, நீ வாசிக்கது கொள்ளாம். ஆனா இது நமக்க பாட்டு இல்லல்லா. நீ ஒரு வழி போற, பேஸ் பாடுதவன் ஒரு வழி போறான். ஜெனிலப் பாரு, நடு ரோட்டுல நிக்கான். வாற சனிக்கெழம ஒருக்கா கேக்கேன். செரியாவல்லன்னா கீபோர்டு மதி, கிட்டாரு வெஸ்ட்ரிக்கு."

மறுநாள் சர்ச் விட்டு வந்ததும் ரெஜி அடுக்களையில் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கிட்டாரை மடியில் வைத்து, ஃபோனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தார். நான் சாளை மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். தொப்பிக்காரர் பேசத் தொடங்கினார்.

"எங்கயாவது ஒருத்தன் நமக்க பாட்டப் போட்டிருப்பான்" என்றார் ரெஜி, கரகரத்த குரலில்.

"எவன் போட்டிருப்பான்? இந்தா கெடக்க ஒற்றசேகரமங்கலம் சபையில பாடுததே வேற மாதிரியாக்கும். இனி அமெரிக்காக்காரன் வந்து போடுவானாக்கும்!"

"கொஞ்சம் சும்ம இரி லிஜா. பேஸ் வழி எப்படி உண்டாக்கணும்னு இவரு சொல்லித் தாறாரு."

அவ்வளவுதான். மழைக்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்த எரிச்சல் ஒரேயடியாக வெளியே வந்தது. செதில் ஒட்டிய கையாலேயே ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

"உண்டாக்கணுமா? அது உண்டாக்கி வச்சிருக்கு! இத்தன வருசம் நீங்க பாடினதாக்கும் அது. இந்தா, கேளுங்க!"

பாடினேன். கோபத்தில்தான் பாடினேன், பக்தியில் இல்லை. அவருடைய பேஸ் பாகம் என் குரலுக்குப் பாதாளம். மேலே தூக்கி வைத்துக்கொண்டு பாடினேன். படிப்படியாக இறங்கும் இடம், ஒரே சுரத்தில் பிடிவாதமாக நிற்கும் இடம், மற்ற மூன்று குரலும் ஓய்ந்தபின் பேஸ் மட்டும் ஒரு எட்டு எடுத்து வைக்கும் இடம். ஒன்றையும் விடவில்லை. தொப்பிக்காரர் கவிழ்ந்த நிலையிலும் பேசிக்கொண்டிருந்தார்.

பாடி முடித்தபோது ரெஜி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்க பாகம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்க முதுகுக்குப் பின்னால நின்னுல்லா பாடினிய? கல்யாணம் களிஞ்ச நாள்முதல் கேட்டுட்டு நிக்கேன்."

அவர் கம்பியை ஒரு விரலால் தடவினார். "எனக்குத் தெரியாமலா லிஜா? அத நெனச்சாலே தொண்ட தானாப் பாடப் போவுது. ஒண்ணும் வராது. அதாக்கும் வேற ஏதாவது கெடைக்குமான்னு தேடினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரை எத்தனை திட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது இன்னும் அழுகை வந்தது. மீன் கையை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கவும் முடியாது. தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "உங்க தொண்ட சும்ம இருக்கட்டு. நான் பாடுதேன், நீங்க வாசியுங்க" என்றேன்.

அவர் கண்ணாடிக்காரி காட்டித் தந்த மாதிரி விரல் வைத்தார். முதல் தடவை தட்டுத் தடுமாறினார். மறுபடி பாடினேன். சாளை குழம்பாகிக் கொதிக்கும்போது கிட்டார் என் குரலுக்குக் கீழே, அவர் குரல் நின்ற அதே இடத்தில் நின்றது.

அந்த வாரம் முழுக்க நான் பேஸ் பாடினேன். அடுக்களையில் பாடினேன், துணி விரிக்கும்போது பாடினேன். பாறசாலையில் நான் ரத்தம் எடுக்கும் லேபில் ஊசிக்குப் பயந்து கண்ணை மூடியிருந்த ஒரு அம்மா, கண்ணைத் திறந்து, "மோளே, இதேது பாட்டு?" என்று கேட்டார். பாட்டின் நாலு பாகத்தில் ஒன்றைத்தான் பாடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை வந்தது. ரெஜி கடைசி வரிசையில் ஜெனிலுக்குப் பக்கத்தில், எனக்கு நேர் பின்னால் நின்றார். பாட்டு தொடங்கியது. தாவல் இல்லை, அடி இல்லை. ஜெனிலின் குரல் கிட்டாரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ராஜையா சார் ரெஜியைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினார். மூன்றாவது வரியில் அந்தக் கை சட்டென்று நின்றது.

"ரெஜி, கிட்டாரு வெஸ்ட்ரிக்குப் போவண்டாம். அது செரி. ஆனா ஆல்ட்டோவுல எவளாக்கும் பேஸ் பாடுதது?"

அவர் பார்வை எங்கள் வரிசையில் ஒவ்வொரு முகமாக வந்து என்னிடம் நின்றது.

"லிஜா! நீ எந்தப் பாகம் பாடுத?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என் சொந்தப் பாகம், சின்ன வயதிலிருந்து பாடிய ஆல்ட்டோ, எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இதற்கும் அந்தத் தொப்பிக்காரர்தான் காரணம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. தகரத்தில் மணல் உரசுகிற சிரிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு என்னைத் தவிர வேறு யார் காதிலும் விழாமல் அவர் ஒளித்து வைத்திருந்த குரல் அது. கொயர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை. நான் திரும்பவில்லை, திரும்பினால் மறுபடி அழுதிருப்பேன்.

பாட்டைத் திரும்பத் தொடங்கக் கையை உயர்த்திய ராஜையா சார், அவர் சிரித்து முடிக்கட்டும் என்று அப்படியே காத்து நின்றார்.