ஒன்பதடிப் பலகையும் குற்றாலச் சீசனும்

நின்றபடி துடுப்புப் போட்டு அலையில் சறுக்கும் பலகை வாங்க மூன்று மாதமாகத் தேடினேன். ஒருவழியாக, முனை தூக்கிய ஒன்பதடிப் பலகை ஒன்று பிடித்துப்போனது.

இன்று தூத்துக்குடிக் கடைக்கு போன் போட்டேன்.

கடைக்காரர் கேட்டார்: "மணப்பாடு கடலுக்கு எப்பம்மா வருவிய?"

"சீசன் முடிஞ்சுதான் அண்ணாச்சி. ஐந்தருவிகிட்ட லாட்ஜுல வேல பாக்கேன்."

"ஜூன், ஜூலையிலதானம்மா நல்ல அலை வரும்!"

"அப்பதான் இங்கன அருவியில தண்ணி விழும். ஒரு நாள் லீவு கெடைக்காது."



"அப்ப குளத்துல ஓட்டுத தட்டைப் பலகைய எடுத்துக்கிடுங்க. ஒங்களுக்கு அது போதும்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

குற்றாலத்தில் வேலை பார்த்துக்கொண்டு சீசனில் லீவு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

சீசன் முடிந்துதான் வர முடியும்.