வாழைநார் கோத்த விரால்

“...எந்தத் தண்ணியில கெடந்து வந்தா என்ன மாப்ளே, நம்ம வீட்டு அடுப்புக்குத்தானே போவப் போவுது?” என்றார் அண்ணனின் மாமனார். அவர் முழங்கால்வரை அம்பத்தூர் ஏரிச் சேற்றில் நின்றிருந்தார். எதிரே கரையில் அண்ணன், கையில் தூண்டிலோடு. அண்ணன் தலை நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை நன்றாக அறிந்தவர்கள்தாம். அன்று ஏரிக்கரையில் நடந்ததை மட்டும் பலர் அறியமாட்டீர்கள். அதை எழுதச் சொல்லிவிட்டுப் போனவர் அண்ணனேதான். “நல்லத மட்டும் போட்டீங்கன்னா அது வேற எவனோ மாதிரி இருக்கும்” என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி அண்ணியிடம் சொன்னாராம். அவர் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். லாரிக்குத் தார்ப்பாய் கட்டும் நேரம் போக, கிடைத்த பேப்பரையெல்லாம் படித்து எழுதக் கற்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மேனாம்பேட்டில். எங்கள் நைனா இறந்தபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. நைனா விட்டுப்போனவை ஒரு சைக்கிளும் ஒரு மூங்கில் தூண்டிலும். சைக்கிளை விற்றோம். தூண்டிலோடு அண்ணன் ஏரிக்குப் போனார். கெண்டையோ கெளுத்தியோ எது கிடைத்தாலும் அன்று சோற்றுக்குக் குழம்பு உண்டு. பிறகு பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வேலைநிறுத்தம் நடந்து கேட்டைப் பூட்டிய காலத்திலும் எங்களைக் காப்பாற்றியது அந்தத் தூண்டில்தான்.

அதனால் அதன்மேல் அவருக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. கூடவே கொஞ்சம் திமிரும் வந்துவிட்டது. வலை வீசுகிறவர்களைப் பார்த்தால், “வலை போடறவன் கொள்ளைக்காரன். மீனுக்கும் வாய் கீது. அது இஷ்டப்பட்டுக் கடிக்கணும்” என்பார். லேத்தில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், “விராலு புழுவையெல்லாம் மதிக்காது அண்ணாத்தே. தவளக்குஞ்சு மாட்டிப் பாரு” என்று எத்தனையோ முறை சொன்னார். “எங்க நைனா மாட்டினது மண்புழு. நானும் அதான் மாட்டுவேன். விராலுக்கு வேணும்னா வரட்டும்” என்பதுதான் பதில். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானே நாலு இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் விரால் மட்டும் வந்ததில்லை.

அண்ணி மன்னார்குடிப் பக்கத்துப் பெண். ஆவடி குவார்ட்டர்ஸில் தன் அக்கா வீட்டில் தங்கி, அம்பத்தூருக்கு டைப்ரைட்டிங் படிக்க வந்தவர். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவர்கள் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பம். இரண்டு பேரும் தாங்களாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். “அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று அண்ணியின் அப்பா சொல்லிவிட்டார். சொன்னபடியே பல வருஷம் இருந்தார். குழந்தை பிறந்த பிறகு, எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், “பேரனைப் பாக்க வர்றேன்” என்று பெரிய மகள் மூலம் சொல்லி அனுப்பினார். பார்க்கத்தான் வருகிறாரா, சாப்பிடுவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணிக்கு அதுதான் கவலை. “எங்கப்பா ஒரு வாய் சாப்பிட்டார்னா எல்லாம் சரியாயிடும். தண்ணிகூட வேணாம்னுட்டுப் போயிட்டார்னா அவ்வளவுதான்” என்றார்.

அப்பாவுக்கு விரால் என்றால் உயிர் என்று அண்ணி சொல்லக் கேட்டதும் அண்ணன் சொன்னார்: “என் தூண்டில்ல புடிச்ச விராலத்தான் மாமா எலையில வெப்பேன்.”

அன்று காலையிலேயே அண்ணி மசாலா அரைத்துப் புளி கரைத்து வைத்துவிட்டார். ஏரி வற்றி, சேறும் கொஞ்சம் தண்ணீருமாகக் கிடந்தது. அப்படி வற்றும்போது சுற்றுவட்டாரம் முழுக்க ஏரிக்குள் இறங்கிவிடும். கொசுவலை, பழைய புடவை, அடி அறுத்த பிளாஸ்டிக் பக்கெட் என்று கையில் கிடைத்ததை வைத்து மீன் பிடிப்பார்கள். எல்லோரும் சேற்றில் உருள, அண்ணன் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு கரையில் தூண்டில் போட்டு நின்றார்.

“இன்னாத்துக்கு அண்ணாத்தே அங்கியே நின்னுகினு கீறே? எறங்கு. கலங்கின தண்ணில அதுக்குப் புழு எங்க தெரியப் போவுது?” என்றார் லேத் நண்பர். அண்ணன் காதில் வாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மாமனார் வந்து நின்றார். வீட்டு வாசலில் ஏறும் முன் மாப்பிள்ளையின் முகத்தைத் தனியாகப் பார்த்துவிட நினைத்தாரோ என்னவோ, விசாரித்துக்கொண்டு நேரே ஏரிக்கே வந்துவிட்டார். “ஒரு விரால் புடிச்சிகினு போய்டலாம் மாமா” என்றார் அண்ணன். பெரியவர் தலையாட்டிவிட்டுச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். சேற்றில் நின்ற ஒருவரிடம் அடியில்லாத பக்கெட்டைக் கேட்டு வாங்கினார். எங்கே குமிழி வருகிறதோ அங்கே பக்கெட்டைக் கவிழ்த்து அழுத்தி, மேலே கைவிட்டுத் துழாவினார். “எங்க ஊர்ல இதுக்குன்னே மூங்கில்ல கூடு முடைவோம். ஊத்தான்னு பேரு. இதுவும் மோசமில்ல” என்று சொல்லிக்கொண்டே கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையுமாகத் தம் மஞ்சள் பையில் போட்டார். “எறங்குங்க மாப்ளே, சேறு ஒட்டுனா கழுவிக்கலாம்” என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

“இல்ல மாமா, தூண்டில்லயே வந்துரும்” என்றார் அண்ணன்.

வயதான மாமனார் சேற்றில். மருமகன் கரைமேல் சட்டை கசங்காமல். கரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கினால் இத்தனை வருஷம் பேசிய பேச்செல்லாம் பொய்யாகிவிடும் என்று அண்ணனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இறங்குவதற்குப் பதிலாக அவர் வேறொன்று செய்தார். லேத் நண்பரை ஓரமாக அழைத்து, காதில் ஏதோ சொல்லி மார்க்கெட்டுக்கு அனுப்பினார். நண்பர் திரும்பி வந்ததும் இருவரும் கோரைப்புல் மறைவுக்குப் போனார்கள். விரால் எளிதில் சாகாது. மார்க்கெட்டில் உயிரோடுதான் விற்பார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் குரல் கேட்டது: “மாமா, மாட்டிகிச்சி.”

தூண்டிலைத் தூக்கினார். முழங்கை நீள விரால். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். அதன் செவுளில் நுழைந்து வாய்வழியாக வந்த வாழைநார், மேலே அழகாக முடிச்சுப் போட்டபடி தொங்கியது. மீனைத் தூக்கிப் போக மார்க்கெட்டில் கோத்துத் தரும் நார். அவசரத்தில் அதை அவிழ்க்க மறந்துவிட்டார்கள்.

சேற்றிலிருந்து ஒரு குரல்: “இன்னா அண்ணாத்தே, ஏரிக்குள்ளயே மார்க்கெட்டு தொறந்துட்டானுங்களா?” இன்னொரு குரல்: “இல்ல மாமே, அது நாரோட பொறந்த விராலு.” ஏரியே சிரித்தது. அண்ணனின் கை தாழவுமில்லை, உயரவுமில்லை. மீன் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

அதன்பின் அண்ணன் மாறிப்போனார் என்று சொன்னால் அது பாதி உண்மை. அடுத்த கோடையில் அடியறுத்த பக்கெட்டோடு சேற்றில் முதலில் இறங்கியவர் அவர்தான். வீச்சு வலை வீச, தவளைக் குஞ்சு மாட்ட, எல்லாவற்றையும் கேட்டுக் கற்றுக்கொண்டார். லேத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம்கூட, “நீ எப்டி புடிக்கிறே, காட்டு” என்று நின்று பார்ப்பார். இதையெல்லாம் தொழிற்சாலை நண்பர்கள் நல்ல குணமாகச் சொல்கிறார்கள். நல்ல குணம்தான். ஆனால் அதற்கு அடியில் இருந்தது வெட்கம் என்பது எனக்குத் தெரியும். மாமனார் வந்தால் எதிரே உட்கார மாட்டார். ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்துபோவார். பெரியவர் காலமானபோது மன்னார்குடிக்குப் போனோம். தகனம் முடிந்து ஆற்றில் குளிக்கும்போது, “ஒரு வார்த்தகூட நான் சொல்லலடா தம்பி. மன்னிச்சிக்கோங்கன்னு ஒரே ஒரு வார்த்த” என்றார்.

கடைசி நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து படுத்திருந்தபோது எல்லாவற்றையும் அண்ணியிடம் சொல்லி முகத்தை மூடிக்கொண்டாராம். அண்ணி சொன்னது: “செதில் எடுத்துக் கழுவுனது நான்தானேங்க. செவுள்ல நாரு கோத்த தடத்தோட மீனு எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியாதா? எங்கப்பாவே ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டார், அதனால நானும் ஒண்ணும் கேக்கல.” அத்தனை வருஷம் அவர் தனியாகச் சுமந்ததாக நினைத்ததை எத்தனை பேர் சுமந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, எங்கள் வீட்டுக்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

நோயின்போது இரவு பகலாக மாறி மாறித் துணையிருந்த பாடித் தொழிற்சாலை நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த மேனாம்பேட்டுத் தெருவாருக்கும், மன்னார்குடியிலிருந்து ஓடிவந்த அண்ணியின் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. லேத் நண்பருக்குத் தனியாக ஒரு நன்றி. அந்த நாரைப் பற்றி அவர் கடைசிவரை எங்கும் பேசியதில்லை.

நன்றி சொல்ல முடியாமல் போன ஒருவர் மிச்சம் இருக்கிறார். அன்று எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அண்ணன் மெல்ல, “இது மார்க்கெட்டு மீனு மாமா” என்றார். அதற்குத்தான் பெரியவர் அப்படிக் கேட்டார், எந்தத் தண்ணியிலிருந்து வந்தால் என்ன, நம்ம வீட்டு அடுப்புக்குத்தானே என்று. கேட்டுவிட்டுக் கரையேறினார். மீனைக் கொக்கியிலிருந்து எடுத்தார். வாழைநாரின் முடிச்சை அவிழ்த்து உருவி, வீட்டில் மகள் கண்ணில் படாதபடி தம் இடுப்பு வேட்டிக்குள் செருகிக்கொண்டார். விராலைத் தம் மீன்களோடு பையில் போட்டு அண்ணனிடம் கொடுத்தார். தூண்டிலைத் தாம் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, சேறு ஒட்டிய காலோடு எங்கள் வீட்டுப் பக்கம் முன்னால் நடந்தார்.