ஒண்ணாம் தேதியில் பார் தேடிப் போன கதை

இந்த வலைப்பதிவில் இதுவரை அருவி, அணை, கடற்கரை, கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை பார். சாராயம் ஊற்றும் அதே பார்தான். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். போன மாதம் வரைக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

போனது 2006 டிசம்பர் ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. காரணம் என் தம்பி குமரேசன். திருவனந்தபுரம் தம்பானூர் பக்கத்தில் ஒரு பழைய ஹோட்டலின் பாரில் பன்னிரண்டு வருடமாகப் பாடுகிறான். ஹோட்டல் பெயரை எழுதாதே என்று சொல்லியிருக்கிறான், எழுதவில்லை. டிசம்பர் பதினைந்தோடு அந்த மேடையை எடுத்துவிட்டு அங்கே பெரிய டிவி வைக்கப் போகிறார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. அவன் என்னிடம் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஏன் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துக்கொண்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. ஏப்ரலில் அவனுக்குப் பெண் கொடுக்கலாம் என்று ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி என்று கேட்டார்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "திருவனந்தபுரத்துல பெரிய ஹோட்டல்ல மேனேஜரா இருக்கான்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "இல்லங்க, பார்ல பாடுறேன்" என்றான். அவர்கள் காப்பியைக் குடித்து முடிக்கவில்லை. அவர்கள் போனதும் நான் கத்தினேன். "குடிகாரனுவளுக்குப் பாடுறத ஒரு பெருமைன்னு சொல்லுதியாடே?" என்று கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனவன்தான்.

ஆகவே மேடை இருக்கும்போதே போய், அவன் பாடுவதை ஒரு தடவையாவது கேட்டு, வாயைத் திறந்து மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன். சொல்லாமல் போனேன். சொன்னால் வராதே என்பான். ஒண்ணாம் தேதி என்றால் சம்பளம் வந்துவிடும், அவனுக்கு ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டு, அலுவலகத்தில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. கேரளத்துக்காரர்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்யவே மாட்டார்கள்.

நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் பகல் ஒன்று இருபதுக்கு பஸ். தூரம் சுமார் எழுபது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய்க்குள்தான். தக்கலை, மார்த்தாண்டம் தாண்டி எல்லையான களியக்காவிளையில் பஸ் ஊர்ந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்து மதுக்கடை முன்னால் அப்படியொரு கூட்டம். அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டின மலையாளத்து ஆட்கள். ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணம் போலிருக்கிறது, ஆண்கள் முன்கூட்டியே தயாராகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு அறிவு பாருங்கள்!

மூன்று ஐம்பதுக்குத் தம்பானூர். இந்த வட்டாரம் எனக்குப் புதிது இல்லை. 93 முதல் 96 வரை சாலைக் கடைத்தெருவில் ஒரு திருநெல்வேலிக்காரர் இரும்புக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பியும் என்னோடு ஒரே வாடகை வீட்டில்தான் இருந்தான். பகலில் கேசட் கடை, சாயங்காலம் பார். சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுப்பேன். பாருக்குப் போகிற சட்டை என்று எரிச்சலோடுதான் தேய்ப்பேன், ஒரு நாள்கூட விட்டதில்லை.

அப்போதெல்லாம் இந்தத் தெருக்களில் கொஞ்சம் பெரிய பார் என்றால் ஒரு கீபோர்டு, ஒரு தபலா, ஒரு பாட்டுக்காரன் இருந்தே தீரவேண்டும். வாசலில் கரும்பலகையில் 'இன்று கஜல்' என்று எழுதி வைப்பார்கள். கடையடைத்துவிட்டு நடந்து வரும்போது ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு பாட்டு வந்து காதில் விழும், நாலு எட்டு வைத்தால் அடுத்த பாட்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பேன். தம்பி பாடுகிற வாசலைத் தாண்டும்போது இன்னும் வேகமாக. நின்று கேட்டதே இல்லை.

இப்போது கரும்பலகைகளைக் காணோம். கேசட் கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. ஒரு பழைய பார் வாசலில், கிரிக்கெட் மேட்ச் பெரிய திரையில் காட்டப்படும் என்று துணி பேனர். ஸ்டாச்சூ சந்திப்புக்குப் போகிற வழியில் ஒன்றுக்குக் கறுப்புக் கண்ணாடிக் கதவு போட்டு 'பப்' என்று எழுதியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் சனிக்கிழமை வருவார்களாம், ஒரு ஆள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டு ஓட்டுவாராம். பாடுவதற்கு ஆள் வேண்டாம். சுற்றிப் பார்த்துவிட்டு, ஹோட்டல் இருக்கும் சந்து மறந்துபோனதால் ஒரு ஆட்டோவை நிறுத்தினேன்.

பேரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "சேச்சி, அது பாரல்லே?"

"ஆமா. பாருக்குத்தான்."

"இன்னு ஒண்ணாம் தேதியாணு சேச்சி. ஒரு பாரும் இல்லா. கேரளம் முழுவன் அடவாணு."

மாதம் பிறந்தால் முதல் நாள் மதுக்கடை, பார் எல்லாவற்றுக்கும் கட்டாய விடுமுறையாம். சம்பளக் கவர் அன்றைக்காவது ஒழுங்காக வீடு போய்ச் சேரட்டும் என்று அரசாங்கம் வைத்த ஏற்பாடு. அவர் சொல்லி முடித்ததும் களியக்காவிளைக் கூட்டம் ஞாபகம் வந்தது. கல்யாணமாவது, கத்திரிக்காயாவது! கையில் சட்டைப் பொட்டலத்தோடு தெருவில் நின்ற எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடுத்த இரண்டு வாரமும் அலுவலகத்தில் ஆடிட்டிங். அது முடியும்போது மேடையே இருக்காது.

"அவிட ஆரா உள்ளது?" என்றார் ஓட்டுநர். பாவம், மனசு கேட்காமல்தான் கேட்டார்.

"தம்பி. மேனேஜரா இருக்கான்" என்றேன். பாருங்கள், இந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுபது கிலோமீட்டர் வந்திருக்கிறேன், வாய் அதையே சொல்கிறது. பழகின வாய்.

பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு சந்து முனையில் இறக்கிவிட்டார். பாரின் முன்பக்கம் ஷட்டர். பக்கத்துக் கதவு திறந்திருந்தது, பினாயில் வாசனை வந்தது. உள்ளே நாற்காலிகளையெல்லாம் மேஜைமேல் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பேர் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து என்ன வேண்டும் என்றார்.

"இங்க மேனேஜரா இருக்கிற குமரேசனோட அக்கா, நாகர்கோவில்லேருந்து வாறேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மேனேஜர் ஞானாணு" என்றார்.

மேனேஜரே அவர்தான்! பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அவர் பெயர் சசிதரன். சிரிக்காமல் ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு, கையால் துடைத்து, உட்காரச் சொன்னார். "பரவாயில்ல சேச்சி. எங்க வீட்டுல நான் இன்னும் ரெஸ்டாரண்ட் மேனேஜர்தான். பார்னு யாரும் வாயைத் திறந்து சொல்லுகில்லா. குமார் மேல இருக்கான், விளிக்காம்" என்று மாடிக்கு ஆளனுப்பினார். தமிழும் மலையாளமுமாக அவர் பேசினது அந்த நேரத்துக்கு இதமாக இருந்தது.

ஒண்ணாம் தேதியில் பார் மூடியிருந்தாலும் பாட்டுக்காரர்கள் வருவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாதத்தில் அன்று ஒருநாள்தான் மைக் வயரைச் சரிபார்க்க, புதுப்பாட்டைப் பாடிப் பார்க்க நேரம் கிடைக்குமாம். குமரேசன் தோளில் வயரைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"அம்மைக்கு எதாவது?" என்றான். முகம் வெளிறிவிட்டது.

"அம்மை நல்லாயிருக்கா. நீ பாடுறதக் கேக்க வந்தேன்."

"இன்னைக்கா? ஒண்ணாம் தேதியா?" என்றான். அடுத்து சிரித்துவிட்டான். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "எக்கா, ஒனக்குக் கிறுக்கா? ஒரு போன் போட்டுருக்கலாம்லா?"

"போட்டா எடுப்பியா?"

வயரைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே என்னை மேடைப் பக்கம் கூட்டிப்போனான். மேடை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு முழ உயரத்தில் பலகை, சிவப்புக் கம்பளம், அதில் சிகரெட் சுட்ட ஓட்டைகள். நான் மூன்று வருடம் தலையைக் குனிந்து தாண்டிப்போன இடம் இவ்வளவுதான். வழக்கமான நாளாக இருந்தால் என்னைப் போன்ற ஒரு பெண் இங்கே தனியாக வந்து உட்கார்ந்திருக்கவே முடியாது, கதவு வரைக்கும் வந்து திரும்பியிருப்பேன். மூடியிருந்ததால்தான் உள்ளே வந்தேன்.

கீபோர்டுக்காரரும் தபலாக்காரரும் உட்கார்ந்தார்கள். இந்த பாரில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு வேண்டும் என்றால் கத்தக் கூடாது. துண்டுச்சீட்டில் எழுதி வெயிட்டரிடம் கொடுக்க வேண்டும். பாடுகிறவன் சீட்டை வாங்கி, எந்த மேஜை, என்ன பாட்டு என்று மைக்கில் படித்துவிட்டுப் பாடுவான். சசிதரன் ஒரு சீட்டும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "முறைன்னா முறைதான் சேச்சி."

எந்தப் பாட்டு? எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அவன் என்னென்ன பாடுவான் என்றே தெரியாதே!  நேரில் சொல்லலாம் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைத்தான் கடைசியில் எழுதினேன். 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஜோலியைப் பத்திப் பொய் சொன்னதும் தப்பு. நீ எது பாடினாலும் கேக்கேன்.' மடித்துக் கொடுத்தேன்.

தரை கழுவிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். குமரேசன் பழக்கத்தில் மைக்கைத் தட்டி, "ஒண்ணாம் நம்பர் டேபிள்லருந்து ஒரு சீட்டு" என்று ஆரம்பித்தான். படித்தான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "பாட்டுப் பேரு இல்ல" என்று சொல்லிச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். சசிதரன் பக்கம் திரும்பி, "அண்ணா, டியூப் லைட்ட அணைச்சிருங்க. மொகம் தெரிஞ்சா எனக்குப் பாட வராது" என்றான்.

பன்னிரண்டு வருடமும் அரையிருட்டில், எதிரில் யார் என்றே தெரியாமல் பாடியிருக்கிறான். அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. இருட்டானது நல்லதாகப் போயிற்று, நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. மூன்று பாட்டுப் பாடினான், இரண்டு தமிழ், ஒன்று மலையாளம். எங்கும் அவசரமே இல்லை. மேல்சுருதிக்குப் போகும்போது குரல் லேசாகக் கரகரத்தது, சிகரெட் புகையிலேயே பாடின குரல் அல்லவா. தரை கழுவுகிறவர்கள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். இத்தனை நல்ல பாட்டுக்காரனை வீட்டில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் மேனேஜர் என்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

ஆறு மணிக்கு வெளியே வந்து சாயா குடித்தோம், மூன்று ரூபாய். சட்டையைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, "தேய்ச்சுக் கொண்டாந்திருக்கலாம்" என்றான், பழைய கேலி. மேடை போன பிறகு என்ன செய்வாய் என்று கேட்டேன். தை பிறந்தால் கோயில் உற்சவங்கள், அங்கெல்லாம் மேடைக் கச்சேரி செய்கிற ஒரு கானமேளக் குழுவில் கூப்பிட்டிருக்கிறார்களாம். நாலு மாதத்துக்கு வேலை இருக்கும், அப்புறம் தெரியாது என்றான். தெரியாது என்பதை வருத்தமில்லாமல்தான் சொன்னான். 

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாட்டு இருக்கும் பார்கள் தம்பானூர் வட்டாரத்தில் இன்னும் இரண்டோ மூன்றோதான் மிச்சம், அடுத்த வருடம் எத்தனை இருக்கும் என்று அங்கே யாருக்கும் உறுதியில்லை. போகிறதானால் சீக்கிரம் போய்விடுங்கள், மாலை ஏழு மணிக்குப் பாட்டு தொடங்கும். பெண்கள் 'ஃபேமிலி' என்று எழுதின தனி அறையில் உட்காரலாம், ஆனால் அங்கே பாட்டு சரியாகக் கேட்காது. பாடுகிறவருக்குச் சீட்டு எழுதினால் பாட்டுப் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், என்னைப் போல எழுதாதீர்கள். திரும்பி வர ராத்திரி வரைக்கும் பஸ் உண்டு. ஒண்ணாம் தேதியைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு பத்து பஸ்ஸில் குமரேசன் ஏற்றிவிட்டான். பஸ் நகரும் வரைக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து சீட்டில் மார்த்தாண்டத்துக்காரி ஒருத்தி, மடியில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம். கரமனைப் பாலம் தாண்டினதும் பேச்சு கொடுத்தாள்.

"ஏத்திவிட்டது ஆரு, தம்பியா? இங்க என்ன ஜோலி?"

"பார்ல பாடுறான்" என்றேன்.

அவள் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு இரண்டு சிப்ஸை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "நல்லாப் பாடுவாரா?"

"நல்லாப் பாடுவான். நான் கேட்டிருக்கேன்."