அடிக்காய் முத்துப்பாண்டி

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளில் போய் முத்துப்பாண்டி என்று கேட்டால், எந்த முத்துப்பாண்டி என்பார்கள். ‘அடிக்காய்’ முத்துப்பாண்டி என்றால்தான் கை நீட்டி வழி காட்டுவார்கள். மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் மூட்டையை அவிழ்த்ததும் மற்றவர்கள் மேலே கிடக்கும் காயை அள்ளி மோந்து பார்ப்பார்கள். இவர் அதைத் தொடமாட்டார். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். அதை ஈரத்துணியில் தேய்ப்பார். துணி பச்சையானால் காய்க்குச் சாயம் ஏற்றியிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனிதர். இருபத்தெட்டு வருடமாக இந்தக் கைதான் சோறு போடுகிறது. கையோடு சந்தேகமும் வளர்ந்துவிட்டது. பெண்டாட்டி வைத்த குழம்பைக்கூட அடியோடு கலக்கிப் பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வார்.

அவர் மகள் அனுசியாவுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சராக வேண்டும். அதற்கு நாலு வருடப் பட்டப்படிப்பு. இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் வந்திருந்தது. ஒன்று மதுரைச் சாலையில் புதிதாக முளைத்தது. இன்னொன்று திண்டுக்கல் பக்கம், பழசு. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துச் சேர்ந்தாக வேண்டும். கொடுத்த பிறகு திரும்பக் கேட்டால் யானை வாயில் போன கரும்புதான். தேவாரம் ஊரில் அப்படிக் கொடுத்துவிட்டு அலைகிறவர்களைக் கேட்டால் தெரியும். தப்பான இடத்தில் விழுந்தால், வகுப்பில் நிற்கத் தெரியாமல் வெறும் காகிதத்தோடு பிள்ளை வீடு திரும்பும். அப்புறம் அவள் அம்மா ஈஸ்வரியைப் போல விடியுமுன் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போடிமெட்டு ஏறிக் காய் எடுக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிச்சைமணி வந்தான். புதுப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். கையில் வழவழவென்று ஒரு புத்தகம்.

“அண்ணே, அசல் சர்டிபிகேட்ட மட்டும் கொண்டாங்க. சீட்ட நான் புடிச்சு வச்சிர்றேன். வெரசா குடுங்க, நாளைக்கு நெறஞ்சிரும்.”

“அம்புட்டுக் கூட்டமா?”

“தள்ளுமுள்ளுண்ணே!”

“தள்ளுமுள்ளா இருக்குற எடத்துக்கு நீ எதுக்குடா வீடு வீடா அலையுற?”

பிச்சைமணி ஈஸ்வரியைப் பார்த்தான். “மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்ல? என்னையப் பொண்ணு பாக்கவே மூணு தடவ வந்த ஆளு. மூணாந் தடவ சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னாரு.”

புதன்கிழமை அப்பனும் மகளும் புதுப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினார்கள். சான்றிதழ்கள் பாலிதீன் உறைக்குள், உறை முத்துப்பாண்டியின் சட்டைக்குள், வயிற்றோடு வயிறாக.

வாசலிலேயே ஒரு பெண் “வாங்கப்பா” என்று குளிர்ந்த பழச்சாறு கொடுத்தாள். முத்துப்பாண்டி அதைக் கீழே வைத்துவிட்டார். முதலில் டீ வாங்கிக் கொடுக்கிற வியாபாரியின் மூட்டையில்தான் முதலில் கை விட வேண்டும். சுவர் முழுக்கப் படங்கள். இங்கே படிக்கிறவர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகுகிறார்களாம். காய் பொறுக்குவதைப் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். மூன்று படங்களின் அடியில் மூன்று பள்ளிப் பெயர்கள். மூன்றிலும் மூன்று நிறச் சீருடை. ஆனால் இடது புருவத்தில் தழும்புள்ள சிறுமி ஒருத்திதான்.

“ஏந்தாயி, இந்தப் பாப்பா மூணு பள்ளிக்கூடத்துலயும் படிக்குதா?”

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. “அது... மாதிரிக்கு எடுத்த படம்ப்பா.”

“மாதிரி வேணாம். இதுல ஏதாச்சும் ஒரு பள்ளிக்கூடத்தக் காட்டுங்க. போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

“வெளியாள அங்க அனுப்புறதில்லப்பா.”

பஸ்ஸில் அனுசியா மெல்லச் சொன்னாள். “கட்டடம் நல்லாத்தான்ப்பா இருந்துச்சு.”

“சாயமும் நல்லாத்தான் இருக்கும்.”

வியாழக்கிழமை பழைய பல்கலைக்கழகம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், சொட்டுகிற குழாய். எழுத்தர் தலையைத் தூக்காமலே, “அட்மிசன் பாரம் அந்த மேசைல கெடக்கு” என்றார். முத்துப்பாண்டிக்கு நேற்றைவிடச் சந்தேகம் கூடிப்போனது. சரக்கு இருந்தால் ஒரு வார்த்தையாவது பேசமாட்டானா?

“கவனிச்சாலும் சந்தேகம், கவனிக்காட்டியும் சந்தேகமா?” என்றாள் அனுசியா.

“பாரத்துல பேரு எழுதாத. பேசாம இரு.” எழுத்தரிடம் திரும்பினார். “பாடம் நடத்திப் பழக எங்க போவாக?”

“பின்கேட்டத் தாண்டுனா பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம்.”

சொல்லிவிட்டுப் போனால் நல்ல காயை மேலே பரப்பிவிடுவார்கள். ஆகவே முத்துப்பாண்டி முன்வாசலுக்குப் போகவில்லை. மகளை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, பள்ளியின் பின்பக்கச் சன்னலுக்குக் கீழே போய்க் குனிந்துகொண்டார். உள்ளே இளம்பெண் ஒருத்தி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். சன்னலோரம் ஒரு சிறுமி.

“ஏ ஆத்தா, இந்த டீச்சரு தெனமும் வருவாகளா?”

“வருவாங்க. நேத்து மட்டும் வரல. வயித்துவலி.”

“அடிப்பாகளா?”

“ம்ஹும். ஆனா ஏமாத்த முடியாது. வீட்டுப்பாடத்த எங்கக்கா எழுதுனாக்கூடக் கண்டுபுடிச்சிருவாங்க.”

அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் குரல். சன்னலில் தலை தெரிந்ததுமே அந்த இளம்பெண் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். கையில் மர ஸ்கேல்.

“யாருங்க நீங்க? பிள்ளைககிட்ட என்ன பேச்சு?”

“இல்லம்மா... மகளச் சேக்கலாம்னு...”

“சேக்குறவரு ஆபீசுக்கு வரணும். சன்னலுக்கு எதுக்கு வந்தீங்க? சட்டைக்குள்ள என்ன அது, புடைச்சிட்டு? வெளிய எடுங்க.”

பிச்சைமணி கெஞ்சியும் வெளியே வராத உறை ஒரே அதட்டலில் வெளியே வந்தது. அவள் ஆதார் அட்டையும் கேட்டு வாங்கினாள். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சான்றிதழில் உள்ள தகப்பன் பெயரோடு ஒத்துப் பார்த்தாள்.

“மக எங்க?”

“மரத்தடில நிக்கிறா.”

“அவ பொறந்த தேதி என்ன?”

“தைப்பூசத்துக்கு மறுநாளு...”

“தேதியச் சொல்லுங்க.”

முத்துப்பாண்டி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அவள் அவரை விட்டுவிட்டு அனுசியாவிடம் போய்த் தனியாகக் கேட்டாள். அனுசியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேதி, அப்பா பேர், அம்மா பேர் எல்லாம் சொன்னாள். எல்லாம் பொருந்திய பிறகும் ஸ்கேல் இறங்கவில்லை.

“எம்பேரு சந்திரவல்லி. நானும் இந்த யுனிவர்சிட்டியிலதான் ரெண்டாம் வருசம் படிக்கிறேன். ஆனா வகுப்பு நேரத்துல அந்த முப்பத்தாறு பிள்ளைகளும் எம் பொறுப்பு. வாங்க, ஹெட்மாஸ்டர்கிட்டக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

அடிக்காய் முத்துப்பாண்டி ஸ்கேலுக்கு முன்னால் நடந்துபோய், பார்வையாளர் பதிவேட்டில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், “பாரத்த எடு ஆத்தா” என்றார்.

எழுத்தர் சான்றிதழை வாங்கி மூக்கருகே பிடித்தார். “என்னய்யா, பாயாசம் மாதிரி மணக்குது?” ஒவ்வொரு சான்றிதழுக்கும் பேர் எழுதி ரசீது வாங்கும் வரை முத்துப்பாண்டி மேசையை விட்டு நகரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அனுசியா கேட்டாள். “எப்படிப்பா நம்புன?”

“நான் எங்கிட்டு நம்புனேன்? அந்தப் புள்ள என்னைய நம்பல. அது போதும்.”

சொல்லிவிட்டு ரசீதை விரித்தார். எச்சில் தொட்ட விரலால் முத்திரையைத் தேய்த்தார். விரலெல்லாம் ஊதா. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பல்கலைக்கழகப் பக்கம் திரும்பினார்.

“இப்பத்தானப்பா அடிச்சாங்க, ஒட்டத்தான் செய்யும்!” என்று அனுசியா ரசீதைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.